உச்சிக்குழியில் ஒரு கருவி

நோயைக் கண்டுபிடிப்பதைவிட, நோயில்லை என்று நிரூபிப்பதுதான் பெரும்பாடு. ஒரு கிலோகூட இல்லாத குறைமாதக் குழந்தைகளின் உச்சிக்குழியில் ஸ்கேன் கருவியை வைத்து, மூளையில் ரத்தம் இயல்பாக எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது என்று நாகர்கோவிலில் ஒரு மருத்துவமனையில் அளக்கிறேன். இயல்பு தெரிந்தால்தானே கோளாறு தெரியும்? இதை யாருக்காவது புரியவைக்க முயன்று தோற்றவர்கள் மேலே படிக்கலாம்.

கையெழுத்து

அப்படி நான் அளக்கப்போன ஒரு பெண்குழந்தை பிறந்தபோது எடை தொள்ளாயிரம் கிராம். அப்பா மயிலாடியில் சிலை கொத்துகிறவர். "பிள்ளை நல்லா இருக்கா, அதனாலதான் அளக்கணும், ஊசி கிடையாது, வலியும் கிடையாது" என்று அரை மணி நேரம் விளக்கினேன். ஒப்புதல் படிவத்தை இரண்டு முறை படித்தார். வெளியே போய் மச்சானிடம் போனில் பேசினார். திரும்பி வந்து கையெழுத்துப் போட்டவருக்குக் கண் கலங்கியிருந்தது.

"நல்லா இருக்க பிள்ளைய யாராவது சோதிப்பாவளா? எதுவானாலும் மறைக்காம சொல்லுங்க டாக்டரே."

ஐந்து நிமிட அமைதி

குழந்தை ஐந்து நிமிடமாவது அமைதியாக இருந்தால்தான் அளவு செல்லும். மூச்சைப் பிடித்துக்கொண்டு கருவியை வைப்பேன். உடனே விக்கல் வரும். விக்கல் நின்றால் பால் நேரம். பால் முடிந்தால் பக்கத்து மானிட்டர் அலறும், இவளும் அழுவாள். மூன்றாம் நாள், திரையில் ரத்த ஓட்டத்தின் அலை அழகாக விழுந்த நொடியில் மூக்குக் குழாயைப் பிடித்து இழுத்துவிட்டாள். "இவ எப்பதான் நார்மலா இருப்பா?" என்று கத்திவிட்டேன். நர்ஸ் ஸ்டெல்லா குழாயைச் சரிசெய்தபடியே சொன்னார்:

"பிள்ளைன்னா இதுதான் மேடம் நார்மல். நீங்க கொஞ்சம் மெதுவா பேசுங்க."

பெயர் நீக்கம்

நான்காம் நாள் சத்தமே இல்லாமல் கிடந்தாள். அலை கிடைத்தது, ஆனால் ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையில் ரத்த ஓட்டமே இல்லை. பெரிய டாக்டரைக் கூப்பிட ஓடினேன். பிறந்தபின் மூடவேண்டிய ரத்தக்குழாய் ஒன்று இதயத்தருகே திறந்தே இருந்தது. மூளைக்குப் போகவேண்டிய ரத்தம் அதன் வழியே திசைமாறிக்கொண்டிருந்தது. மருந்து கொடுத்தோம். மூன்று நாளில் குழாய் மூடியது. அன்றுதான் எனக்குச் சோறு இறங்கியது.

ஆனால் கோளாறு வந்த குழந்தை என் ஆய்வில் சேராது. "பேரை எடுத்திருங்கம்மா" என்றார் பெரிய டாக்டர். அத்தனை நாள் பாடும் வீண்! "நார்மல் பட்டியல்ல இருந்து இவளை எடுத்தாச்சு" என்று எரிச்சலோடு தாயிடம் சொன்னேன். மகளை மார்போடு சேர்த்துப் பொதிந்திருந்தவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"ஒங்க பட்டியல்ல இல்லேன்னா போட்டும் டாக்டரே. எங்க ரேஷன் கார்டுல சேத்துக்கிடுதோம்."

பிஞ்சு மூளையின் ரத்த ஓட்டத்தை அளந்து முடிப்பதற்குள் அளக்கிறவருக்கு ரத்தக்கொதிப்பு வந்துவிடும் என்பது மட்டும்தான் என் ஆய்வில் இதுவரை உறுதியான முடிவு.