வருகிற விமானம், போகிற விமானம்

கணவர் துபாய் கிளம்பி ஒரு வாரமாகிறது. நேற்று மகள், "துபாய் எவ்வளவு தூரம்?" என்று தெலுங்கில் கேட்டாள். நாலு மணி நேரம் என்றேன். போகவும் வரவுமா என்றாள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான் என்றேன். சொன்ன பிறகு, சரியாகத்தான் சொன்னேனா என்று உறுத்த ஆரம்பித்தது. என் அம்மா அப்படிச் சொல்லவில்லை.

அப்போது எனக்கு ஏழு வயது. வீடு சிகந்தராபாத் பக்கம் போலாரத்தில். அப்பாவுக்குத் துபாயில் வேலை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் லீவு. அம்மா சமையலறைக் கடிகாரத்தைத் துபாய் நேரத்துக்கு வைத்திருந்தாள், நம் நேரத்துக்கு ஒன்றரை மணி பின்னால். அங்கே அப்பா சாப்பிட உட்காரும் நேரம் வந்தால்தான் இங்கே அவள் தட்டு எடுப்பாள். எனக்கோ அது ரிப்பேரான கடிகாரம்.

அந்த முறை லீவு முடிந்து அப்பா கிளம்பும் நாளில், அம்மா பெட்டிக்குள் பருப்புப் பொடியைத் திணித்துக்கொண்டிருக்க, நான் டிராவல்ஸ்காரர் கொடுத்த தாளைப் படித்தேன். மணி பார்க்கக் கற்றிருந்த புதிது. அப்பா வந்த விமானம் ஒரு மணிக்குக் கிளம்பி ஆறு மணிக்கு இறங்கியிருந்தது. போகிற விமானமோ பத்துக்குக் கிளம்பி பன்னிரண்டரைக்கே போய்விடும். விரல் விட்டு எண்ணினேன். மறுபடியும் எண்ணினேன். சந்தேகமே இல்லை. அப்பாவைக் கொண்டுவருவது ஆமை, கொண்டுபோவது முயல்.

பேகம்பேட் விமான நிலைய வாசலில் அப்பா தள்ளுவண்டியைத் திருப்பியபோது சட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

"அப்பா, வர்ற பிளேன்ல போங்க. போற பிளேன்ல வாங்க."

விஷயத்தைக் கேட்டதும் அப்பா சிரித்தார், மாமா வெடித்துச் சிரித்தார். அம்மாவின் தம்பி, சிகந்தராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவர், பேச்சில் ஊர் உருது கலக்கும். "ஹவ், ஆமா மேடம், பைலட்டுகிட்ட சொல்லிடலாம்! அடியே, அந்த ஊர் கடிகாரமே பின்னால ஓடுது. உங்க கிச்சன்லயே மாட்டியிருக்கே, பாத்ததில்ல? போக வர ஒரே நேரம்தான்."

"நக்கோ! அதெல்லாம் இல்ல, நான் ரெண்டு தடவை எண்ணினேன்."

"கைக்கு, ஏன் இந்தப் பிடிவாதம்? அக்கா, நீயே சொல்லு இவளுக்கு."

அந்தக் கடிகாரத்தை மாட்டியவளே அம்மாதான்.

"அவ எண்ணினது சரிதான். விடுடா," என்றாள்.

அப்பா சிரிப்பதை நிறுத்திவிட்டார். குனிந்து, நன்றாகவே கட்டியிருந்த என் ஷூ லேசை அவிழ்த்து மறுபடி கட்டினார். பிறகு வண்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

கண்ணாடிக் கதவு மூடிய பிறகும் அம்மா அதையே பார்த்தபடி நின்றாள். கணக்கில் ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் நான் மாமாவைப் பார்த்து நாக்கைத் துருத்தினேன்.