செல்லத்தாயின் அவித்த கடலை

மதுரையிலிருந்து அழகர்கோவில் போகும் சாலையில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி. அதன் வாசலுக்கு நேர் எதிரே செல்லத்தாயின் பெட்டிக்கடை. கடையின் முகப்பில் மசாலா தடவிய நொறுக்குத்தீனி பாக்கெட்டுகள் சரம் சரமாகத் தொங்கும். அவளுடைய ஒரே மகன் சூரியபிரகாஷ் அதே பள்ளியில் எட்டாம் வகுப்பு படித்தான். மூன்று வயதில் அவனைக் கடையில் உட்கார்த்தி வைத்து வியாபாரம் பார்த்தபோது, அழுகையை நிறுத்த ஒரு பாக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தாள். அன்றைக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது. பத்து வருடம் கழித்து அதற்காகத் தலையில் அடித்துக்கொண்டாள்.

பள்ளியில் ரத்தப் பரிசோதனை நடந்தது. “பையனுக்கு ரத்தம் ரொம்பக் குறைவு. கீரை, பயறு, முட்டையெல்லாம் குடுங்க” என்றார் நர்ஸ்.

செல்லத்தாய் குடுக்காமலா இருந்தாள்? முருங்கைக்கீரை பொரித்தாள், அவன் மூக்கைப் பொத்தினான். கத்தரிக்காய்க் குழம்பைக் கண்டாலே குமட்டிக் காட்டினான். சத்துணவில் போடுகிற முட்டையைக்கூடப் பக்கத்துப் பையனுக்குத் தள்ளிவிடுவதாகத் தகவல் வந்தது.

“அந்த பாக்கெட்டுல என்னதான்டா இருக்கு? வயித்தக் கெடுத்துரும்டா” என்று ஒருநாள் கத்தினாள். அவன் நிதானமாகக் கேட்டான்: “ஊர்ப் பிள்ளைக அம்புட்டுப் பேருக்கும் நீதான விக்கிற? எனக்கு மட்டும் ஆகாதாக்கும்?”

அன்று சாயங்காலமே சரங்களை எல்லாம் அவிழ்த்துவிட்டாள்.

மறுநாள் பிள்ளைகள் அவள் கடையைத் தாண்டி, முக்கில் இருக்கும் பேயாண்டி கடைக்குப் போனார்கள். அந்தக் கூட்டத்தில் சூரியபிரகாஷும் நின்றான். காசு கொடுத்தது அவன் அப்பா நல்லகாமன்.

“ஏங்க, உங்களுக்கு அறிவிருக்கா? நான் ஒரு பக்கம் கட்டுறேன், நீங்க ஒரு பக்கம் அவுத்து விடுறீங்க.”

“சின்னப் பய ஆசைப்படுறான், விடுவியா!” என்றான் நல்லகாமன். மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டிவிட்டு வருகையில் வாங்கிவந்த புரோட்டாப் பொட்டலத்தை அவன் பிரித்துக்கொண்டிருந்தான். செல்லத்தாய் சோற்றுப் பானையை டங்கென்று மூடினாள்.

விடவில்லை அவள். தினமும் பச்சை நிலக்கடலையைத் தோலோடு உப்புப் போட்டு அவித்து, பெரிய சட்டியில் கடை முகப்பில் வைத்தாள். இரண்டு நாள் ஒருவரும் சீண்டவில்லை. வீட்டில் தட்டில் வைத்துக் கொடுத்ததை, “வாசனையே ஆகலை” என்று மகன் ஒதுக்கினான்.

மூன்றாம் நாள் மாலை தமிழ்வாணி வந்தாள். பிளஸ் ஒன் படிக்கிறவள். மாவட்டக் கபடி அணியில் ஆடுகிறவள். பயிற்சி முடிந்து வேர்க்க விறுவிறுக்க நின்று, “அக்கா, கடலையா? ரெண்டு உழக்கு போடுங்க, பசி உயிர் போகுது” என்றாள். அங்கேயே நின்று உடைத்து உடைத்துத் தின்றாள். எட்டாம் வகுப்புப் பையன்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள்.

அடுத்த நாள் சட்டியைச் சுற்றி ஒரே தள்ளுமுள்ளு. நடுவில் ஒரு கை நீண்டது. “எனக்கும் குடும்மா.”

சூரியபிரகாஷ்.

“முந்தாநாள் இதே கடலைதானடா வாசனை ஆகலைன்ன?”

“அது வேறம்மா.”

“என்னடா வேற? அதே சட்டி, அதே உப்பு!”

அவன் தோலை உரிப்பதில் மும்முரமாக இருந்தான். வருடக்கணக்காகத் தொண்டை வற்றக் கத்தியது காற்றில் போயிற்று. அந்தப் பெண் ஒரு புத்திமதியும் சொல்லாமல் தின்று காட்டியதும் வேலை முடிந்தது. சந்தோஷப்படுவதா அழுவதா என்று செல்லத்தாய்க்குத் தெரியவில்லை. எரிச்சல் மட்டும் நன்றாக வந்தது.

அதற்கப்புறம் சுண்டல் போட்டாள், கொய்யா நறுக்கி வைத்தாள். தமிழ்வாணி எடுத்தால் விற்கும். எடுக்காவிட்டால் அப்படியே கிடக்கும். ஒருநாள் அவளே பேயாண்டி கடையில் பாக்கெட் வாங்கிப் பிரித்துக்கொண்டு வந்தாள். பின்னாலேயே பத்துப் பையன்கள், கையில் பாக்கெட்டோடு.

செல்லத்தாய் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தாள். “தாயி, ஆசைன்னா தின்னுக்க, வேணாங்கல. ஆனா என் கடைக்குள்ள வந்து ஒளிஞ்சு தின்னுட்டுப் போயேன், உனக்குப் புண்ணியமாப் போகும்!”

தமிழ்வாணி சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது.

இப்போது சூரியபிரகாஷும் ஜூனியர் கபடியில் சேர்ந்திருக்கிறான். ஆறரை மணிக்குப் புழுதியோடு வீட்டுக்குள் நுழைந்ததும், “என்ன இருக்கு?” என்று கேட்கிறான். குழம்பில் கிடக்கும் கத்தரிக்காயை மட்டும் இன்னும் பொறுக்கித் தட்டோரம் வைக்கிறான். செல்லத்தாயும் விடாமல் திட்டிக்கொண்டுதான் இருக்கிறாள்.