ஒரே இலையில் இரண்டு பந்தி

எடை குறைக்க வயிற்றில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு மூன்று மாதம் ஆகியிருந்தது. வலியசாலையில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். முதல் பந்தியிலேயே உட்கார்ந்துவிட்டேன். சின்னச் சின்ன வாயாக எடுத்து, கூழாகும்வரை மெல்ல வேண்டும் என்பது டாக்டரின் கட்டளை. அவசரப்பட்டால் வாந்திதான்.

ஒரு கரண்டி பருப்புச் சாதத்தை நான் மாடு மாதிரி அசைபோட்டுக்கொண்டிருக்கும்போதே பக்கத்திலிருந்தவர்கள் பாயசம் குடித்து, இலையை மடித்து எழுந்துபோனார்கள். நானும் எழுந்திருக்கலாம். ஆனால் ஒரு விள்ளல் போளிக்கு டாக்டரிடம் கெஞ்சி அனுமதி வாங்கியிருந்தேன். அதை விட மனசு வரவில்லை.

அதற்குள் இரண்டாம் பந்தி உட்கார்ந்துவிட்டது. பரிமாறுகிறவர் என் இலையிலும் புதிதாகச் சோற்றைத் தட்டினார். எதிரே வந்து உட்கார்ந்த பெரியப்பா மகன் சத்தமாகவே கேட்டார்:

“ஆபரேஷன் பண்ணியும் ரெண்டு பந்தியாடே? அந்த டாக்டரு என்னத்தத்தான் வெட்டுனாரு?”

வரிசையே என்னைத் திரும்பிப் பார்த்தது. வாயிலிருந்ததை மென்று முடிக்காமல் பதில்கூடச் சொல்ல முடியவில்லை.

என் வாழ்நாளிலேயே மிகக் குறைவாகச் சாப்பிட்ட கல்யாணம் அதுதான். நிஜமாகவே இரண்டு பந்தி தின்ற காலத்தில், இரண்டாவதுக்கு வேறு வரிசையில் போய் உட்காரும் சாமர்த்தியமாவது எனக்கு இருந்தது.