கன்சோலா பி.சி.யா: சடையப்பன் வீட்டுப் பஞ்சாயத்து

1. "தானா அணைஞ்சு போவுதுங்க"

அந்த வியாழக்கிழமை மலை மேல் செம்மேட்டில் என் கம்ப்யூட்டர் கடை ஷட்டரைப் பாதி தூக்கியிருந்தேன், போன் வந்துவிட்டது. பேசியது நித்யா. மலையிலேயே ஆலத்தூர் நாடு என்கிற பகுதியில் மிளகுத் தோட்டம் வைத்திருக்கும் சடையப்பன் வீட்டு மருமகள். கல்யாணமாகி நாலு மாதம்கூட ஆகவில்லை.

"அண்ணா, பி.சி. தானா அணைஞ்சு போவுதுங்க. ரெண்டர் போட்டா ரெண்டு மணி நேரங்கூட ஓடறதில்லீங்க. திங்கக்கிழமை பத்து மணிக்குள்ள வீடியோ போயாவணுங்க."

நித்யாவின் வேலை, கட்டப் போகும் வீட்டைக் கம்ப்யூட்டரில் முப்பரிமாணமாக வரைந்து, வாசலில் நுழைந்து மாடி வரை நடந்து பார்ப்பது போல வீடியோ ஆக்கிக் கொடுப்பது. வரைந்ததை மெஷின் வீடியோவாக மாற்றுவதைத்தான் ரெண்டர் என்போம். அவள் வேலைக்கு ஒன்பது மணி நேரம் மெஷின் நிற்காமல் ஓட வேண்டும். மலைக்குக் கீழே சேந்தமங்கலத்தில் ஒரு கட்டட கான்ட்ராக்டர் அவளிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: முதல் வேலை திங்கட்கிழமை சரியாக வந்தால் மலையில் இருந்தபடியே செய்யலாம், வராவிட்டால் தினமும் ஆபீசுக்கு வர வேண்டும். எழுபது கொண்டை ஊசி வளைவைத் தினமும் இறங்கி ஏறுவது நடக்கிற காரியமா? கீழே அம்மா வீட்டில் தங்கித்தான் வேலைக்குப் போக வேண்டும். புருஷன் மேலே, பெண்டாட்டி கீழே என்று ஆகிவிடும்.

எனக்கு அவள் கவலையோடு இன்னொரு எரிச்சலும் சேர்ந்துகொண்டது. அந்த பி.சி.யை விற்றது நான். அதுவும் சும்மா விற்கவில்லை, ஒரு மாதம் சண்டை போட்டு விற்றேன்.

2. ஒரு மாதச் சண்டை

டிவியில் மாட்டி கேம் ஆடும் கன்சோல்தான் வேண்டும் என்று சண்டை போட்டது நித்யாவின் புருஷன் மணி. பிக்கப் ஓட்டுகிறவன். பலாப்பழமும் மரவள்ளிக் கிழங்கும் ஏற்றிக்கொண்டு கீழே போகும்போதெல்லாம் வண்டியை என் கடை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வருவான்.

"ஏனுங்கண்ணா, கன்சோல் பாதி வெலதானுங்க. டிவி ஊட்லயே இருக்குது. அதே படம், அதே கிராபிக்ஸ். எதுக்குங்க பி.சி.?"

இந்தத் தொழிலுக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்கிறேன். மணி சொன்னது தப்பில்லை. கேம் ஆட மட்டும் என்றால் கன்சோல்தான் லாபம். அதன் கம்பெனிக்காரன் மெஷினில் பெரிதாகச் சம்பாதிக்காமல் கேமில் சம்பாதிக்கிறான். அதனால் அந்த விலைக்குக் கிடைக்கும் கிராபிக்ஸ், தனியாக கார்டு வாங்கி பி.சி. கட்டினால் கிடைக்காது. கிராபிக்ஸ் கார்டு ஒன்றின் விலைக்கே சில சமயம் முழு கன்சோல் வந்துவிடும். அப்புறம் பிராசசர், ராம், கரண்ட் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ்., மானிட்டர், நம் மலை வோல்டேஜுக்கு நல்ல யு.பி.எஸ். எல்லாம் சேர்த்தால் இரண்டு மடங்கு ஆகிவிடும். பி.சி.யின் பக்கம் சொல்ல வேண்டுமானால், கேம்கள் தள்ளுபடியில் மலிவாகக் கிடைக்கும், கார்டை மட்டும் பிறகு மாற்றிக்கொள்ளலாம், முக்கியமாக அதில் வேலை செய்யலாம். நித்யாவின் வரைபட சாஃப்ட்வேர் கன்சோலில் ஓடாது. விஷயம் இவ்வளவுதான்.

இதை மணிக்கு எட்டுத் தடவை சொன்னேன். எட்டுத் தடவையும் தலையாட்டினான். ஒன்பதாவது தடவை ஏதோ ஒரு வீடியோவை போனில் காட்டி, "இதுல புல்லு ஆடறதைப் பாருங்கண்ணா, கன்சோல்ல எத்தன அழகா ஆடுது" என்றான்.

"புல்லு ஆடறதைப் பாக்கணும்னா உங்க தோட்டத்துல போய் நில்லுடா!" என்று கத்திவிட்டேன். கடையில் ஜெராக்ஸ் எடுக்க வந்திருந்த இரண்டு பேர் காகிதத்தை வாங்காமலே போய்விட்டார்கள்.

பணம் போடுகிறவர் சடையப்பன். ஒன்றுதான் வாங்க முடியும் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். மணி பேசும்போதெல்லாம் ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். நித்யா கூட வந்தாலும் ஓரமாக நிற்பாள், நான் கேட்டால் மட்டும் பதில் சொல்வாள். கடைசி நாள்தான் சடையப்பன் வாய் திறந்தார்.

"ஏனுங்க, இந்த ரெண்டுல எது சூடாவுமுங்க?"

தீப்பிடிக்கும் என்று பயப்படுகிறார் போல என்று நினைத்தேன். "பி.சி.தானுங்க ஜாஸ்தி. ரெண்டர் ஓடறப்ப பின்னாடி நல்லாச் சுடுகாத்து வரும். பயப்பட ஒண்ணுமில்லீங்க" என்றேன்.

"அப்ப அதையே குடுத்துருங்க சாமி."

ஒரு மாதமாக நான் கொடுத்த விளக்கம் பெரியவருக்காவது புரிந்ததே என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். மணி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பிக்கப்பைக் கிளப்பினான். "அது எப்படியும் மக்கர் பண்ணும், அப்ப வித்துட்டு கன்சோல் வாங்கிக்கறேன்" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுத்தான் போனான்.

3. நான் போனால் ஓடும்

வெள்ளிக்கிழமை வருவதாகப் போனிலேயே சொல்லி, டூல் கிட், புது எஸ்.எம்.பி.எஸ்., சூட்டைக் கடத்தப் பூசும் தெர்மல் பேஸ்ட் எல்லாம் பையில் போட்டுக்கொண்டு பைக்கில் போனேன். தை மாதக் கடைசி. அந்த வருஷம் வெயிலையே காணோம். பத்து மணிக்கும் மூடுபனி. வழியெல்லாம் தார்ப்பாயில் மிளகை விரிப்பதும், தூறல் விழுந்ததும் வாரிக் கட்டுவதுமாக ஆட்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

சடையப்பன் வாசலிலேயே நின்று வரவேற்றார். மெஷின் இருந்த அறை பெருக்கித் துடைத்துச் சுத்தமாக இருந்தது. மெஷினின் கேபினெட்டைத் திறந்தேன். பின்பக்க ஃபேனில் மிளகுத் தூசி. தும்மல் தும்மலாக வந்தது. அறுவடை சமயத்தில் மலையில் எந்த வீட்டு ஃபேனில்தான் மிளகுத் தூசி இல்லை? துடைத்தேன். பேஸ்டை மாற்றினேன். வோல்டேஜ் அளந்தேன். ஒரு கோளாறும் இல்லை. சந்தேகத்துக்கு எஸ்.எம்.பி.எஸ்.ஸையும் மாற்றிவிட்டு ரெண்டரைப் போட்டேன். மூன்று மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். டெம்பரேச்சர் அளவோடு நின்றது. மெஷின் சமர்த்தாக ஓடியது.

"சரியாப் போச்சுங்களா?" என்று சடையப்பன் நாலு தடவை கேட்டார்.

"ஆச்சுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நித்யா எதையோ சொல்ல வருவது போல வாசல் வரை வந்தாள். பின்னாலேயே மாமனாரும் வர, "பாத்துப் போங்கண்ணா" என்று நிறுத்திக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை மறுபடி போன். பஸ் ஸ்டாப்பில் நின்று பேசுவதாகச் சொன்னாள். வீட்டில் சிக்னல் இல்லை போல என்று எடுத்துக்கொண்டேன்.

"மறுபடி அணைஞ்சிருச்சுங்கண்ணா. அவரு வேற, வித்துரலாம்னு சொல்ல ஆரம்பிச்சுட்டாருங்க. கொஞ்சம் வாரீங்களா? வர்றதை ஊட்டுக்குப் போன் பண்ணிச் சொல்ல வேண்டாமுங்க. சொல்லாம வாங்க."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. கல்யாண விருந்துக்கா கூப்பிடுகிறாள், சொல்லிக்கொண்டு போக? நல்ல எஸ்.எம்.பி.எஸ். ஒன்று வீணாய்ப் போன எரிச்சல் வேறு. வாய்க்கு வந்தபடி முனகிக்கொண்டே பைக்கை எடுத்தேன்.

4. போர்வைக்குள் இருந்தது

வாசலில் யாரும் இல்லை. நேராக அந்த அறைக்குப் போனேன்.

பி.சி.க்குப் பின்னால் ஒரு ஸ்டூல். அதன்மேல் முறம். முறம் நிறைய மிளகு, பாதி பச்சை, பாதி கறுப்பு. கேபினெட்டின் தலையில் இன்னொரு முறம். அனல் வீணாக வெளியே போய்விடக் கூடாதென்று கேபினெட், முறம், ஸ்டூல் எல்லாவற்றையும் சேர்த்து மூடி ஒரு கம்பளிப் போர்வை. போர்வைக்குள் கை வைத்தேன். அடுப்பங்கரைச் சூடு. உள்ளே இருந்த கிராபிக்ஸ் கார்டு தான் விட்ட சுடுகாற்றையே திரும்ப இழுத்து மூச்சு முட்டிக்கொண்டிருந்தது. அது அணையாமல் என்ன செய்யும்?

"யாருங்க இதை இங்க வெச்சது?" என்று நான் போட்ட சத்தத்தில் சடையப்பன் தோட்டத்திலிருந்து ஓடி வந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"நல்லாக் காயுதுங்க! இந்த வருசம் வெயிலே இல்ல, மெளகு பூசணம் பூத்துரும்னு கெடந்தேன். நீங்கதானுங்க சொன்னீங்க, பின்னாடி சுடுகாத்து வரும்னு. அதுக்குத்தானே இதை எடுத்தேன். நேத்து நீங்க வாரதாச் சொன்னதால அறையை ஒதுங்க வெச்சிருந்தேனுங்க."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். ஒரு மாதம் பிரேம் ரேட், கிராபிக்ஸ் மெமரி, விலை என்று தொண்டை வறளப் பேசியிருக்கிறேன். மனுஷன் மிளகு காயவைக்க அடுப்பு வாங்கியிருக்கிறார்!

"ஏனுங்க, உங்களுக்கே நல்லா இருக்குதுங்களா? மூக்கையும் வாயையும் பொத்திட்டு அதை வேலை செய்யச் சொன்னா அது எப்படீங்க செய்யும்? அந்தப் புள்ள திங்கக்கிழமைக்குள்ள வீடியோ அனுப்பலீன்னா மூட்டையைக் கட்டிட்டுக் கீழ போவணும். உங்களுக்கு ரெண்டு மொறம் மெளகு முக்கியமா, மருமக ஊட்ல இருக்கறது முக்கியமா?"

"கீழயா?" என்றார் சடையப்பன். கீழே போக வேண்டியிருக்கும் என்பது அவருக்குத் தெரியவே தெரியாது. முறங்களை அவரே தூக்கினார். போர்வையை அவரே மடித்தார். "ஏங் கண்ணு, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?" என்று, சத்தம் கேட்டு வந்து நின்ற நித்யாவிடம் கேட்டார். அவள் போர்வையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

மதியம் ரெண்டர் போட்டோம். மணி வந்து விவரம் கேட்டுச் சிரித்தான், நான் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டான். ஒன்பது மணி நேரமும் சடையப்பன் அந்த அறை வாசலிலேயே உட்கார்ந்து, ஒரு கோழியைக்கூட உள்ளே விடவில்லையாம்.

5. நித்யா சொன்னது

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு நித்யா பேசினாள். வீடியோ போய்விட்டது, கான்ட்ராக்டருக்குப் பிடித்துவிட்டது, அடுத்த இரண்டு வீட்டு வேலையும் வந்துவிட்டது, வீட்டிலிருந்தே செய்யலாம். எனக்கும் நெஞ்சு நிறைந்துதான் போனது. ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

"ஏம்மா, நீ அந்த ரூம்லதானே உக்காந்து வேலை செய்யறே? அந்த மொறம் உன் கண்ணுல படலியா?"

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"மொத நாளே தெரியுமுங்கண்ணா. எதனால அணையுதுன்னும் தெரியும்."

"அப்பறம் சொல்றதுக்கென்ன? எஸ்.எம்.பி.எஸ். மாத்தி, பேஸ்ட் மாத்தி, நான் மூணு மணி நேரம் தும்மினேனே!"

"மாமாதானுங்க காசு போட்டு வாங்கிக் குடுத்தாரு. எங்க அப்பாகூட அப்படிச் செஞ்சதில்லீங்க. வந்து நாலு மாசத்துல, மெளகை எடுங்க மாமான்னு நான் எப்படீங்கண்ணா சொல்லுவேன்? நீங்க பாத்தா திட்டுவீங்கன்னு தெரியும். அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டேன்."

போனை வைத்துவிட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இத்தனை வருஷ சர்வீஸில் என் கோபத்தால் ஓடிப்போன கஸ்டமர்கள் உண்டு. அந்தக் கோபத்துக்காகவே என்னைக் கூப்பிட்டவள் இவள் ஒருத்திதான். தொழிலுக்கு வரும் உங்களுக்கு நான் சொல்வது இதுதான். ஒரு வீட்டில் மெஷினைத் திறக்கும் முன்பு, அங்கே யார் பேசாமல் நிற்கிறார்கள் என்று பாருங்கள். பாதி சமயம் கோளாறு அவர்களுக்குத் தெரிந்திருக்கும். அதை நம் வாயால் சொல்ல வைக்கத்தான் நம்மை வரவழைத்திருப்பார்கள்.