கொடுவாச் செதில் தாமரை

சலவைச் சோடா கரைத்த வெந்நீரில் கொடுவா மீனின் செதில்களை ஊறப் போட்டால் ஒரு வாசம் எழும். முழுக்க மீன் வாசம் என்றும் சொல்ல முடியாது, சலவை வாசம் என்றும் சொல்ல முடியாது. ஈரத்துணியைக் கடற்கரையில் மறந்துவிட்டு மறுநாள் போய் எடுத்த மாதிரி ஒன்று. எழுபதுகளின் தொடக்கத்தில் ராயபுரத்தில் எங்கள் வீட்டு வாசலை மிதித்தவர்கள் எல்லாரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு "இன்னாக்கா வேவுது?" என்றுதான் கேட்டார்கள். அம்மா பூ செய்கிறாள் என்று நான் பதில் சொன்னால் இன்னும் குழம்பிப் போவார்கள்.

அம்மா கன்னியர் மடத்துப் பள்ளியில் தையலும் கைவேலையும் படித்தவள். கைவேலை டீச்சராக வேண்டும் என்பது அவள் ஆசை. வேலை கிடைப்பதற்குள் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்த அப்பா கிடைத்துவிட்டார். ஆனாலும் அவள் ஆசையை விட்டபாடில்லை. சனிக்கிழமை மத்தியானம் முன்னறைக் கட்டிலைத் தூக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு, தெருப்பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்துவிடுவாள். சிகரெட் பெட்டி வெள்ளித்தாளில் நட்சத்திரம், சிப்பியில் மயில் என்று பலதும் சொல்லிக்கொடுத்தாலும், அவளே யோசித்துக் கண்டுபிடித்தது செதில் பூதான். காசிமேட்டில் மீன் அறுக்கும் இடத்திலிருந்து பிள்ளைகள் வாரிக்கொண்டு வரும் செதிலை ஊறவைத்து, கழுவி, முறத்தில் உலர்த்தி, சாயம் ஏற்றி, மெல்லிய செப்புக் கம்பியில் ஒவ்வொன்றாக வைத்துச் சுற்றினால் இதழ் இதழாகப் பூ விரியும். ஜன்னலுக்கு நேரே பிடித்தால் வெளிச்சம் அதற்குள் புகுந்து வெளியே வரும். துறைமுகத்துக் கரித்தூள் பறந்துவந்து, காயப்போட்ட வெள்ளை வேட்டியெல்லாம் சாம்பல் நிறமாகும் எங்கள் தெருவில், அவ்வளவு சுத்தமான நிறத்தை வேறு எதிலும் நாங்கள் பார்த்ததில்லை.

அந்த வகுப்பில் நானும் ஒரு மாணவி. முன்னறையில் உட்கார்ந்திருக்கும்வரை அவளை நானும் "டீச்சர்" என்றுதான் கூப்பிட வேண்டும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அம்மா ஒவ்வொரு பிள்ளையின் வேலையையும் கையில் எடுத்து, திருப்பிப் பார்த்து, "அடி என் தங்கமே, உனக்கு எப்படிடி தோணுச்சு இது" என்பாள். காக்கைபோல இருக்கும் மயிலுக்குக்கூட ஏதாவது ஒரு நல்ல வார்த்தை கிடைத்துவிடும். வரிசை என்னிடம் வந்ததும் அவள் கண் என்னைத் தாண்டி அடுத்த பிள்ளைக்குப் போய்விடும்.

காரணம் எனக்குத் தெரியாமலில்லை. பெற்றவள் வாயால் பிள்ளையை மெச்சினால் கண் பட்டுவிடும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உள்ள பயம். மூக்கும் முழியுமாக இருக்கும் குழந்தையையும் தாய்மார்கள் "கருவாயி" என்றுதான் கொஞ்சுவார்கள். அம்மாவுக்கு அந்தப் பயம் ஒரு படி அதிகம். எனக்கு முன் பிறந்த அண்ணனுக்குப் புதுச் சட்டை போட்டு மாதா திருவிழாவுக்குத் தூக்கிப்போனவள், "எம்புள்ள ராஜா மாதிரி கீறான்ல" என்று நாலு பேர் நடுவில் சொல்லியிருக்கிறாள். அந்த வாரமே காய்ச்சல் கண்டு அவன் போய்விட்டான். அதோடு அம்மா வாயைக் கட்டிக்கொண்டாள். இவ்வளவும் தெரிந்து என்ன பிரயோசனம்? ஒன்பது வயதில் எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு "நல்லா இருக்கு". அது தெருவுக்கெல்லாம் கிடைத்தது, எனக்கு மட்டும் கிடைக்கவில்லை.

அந்த வருஷம் மாதா தேருக்கு எங்கள் வகுப்பிலிருந்து செதில் பூ கொடுப்பதாக அம்மா கோயில் பங்குச் சாமியாரிடம் சொல்லியிருந்தாள். பிள்ளைகளின் பூக்கள் தேரைச் சுற்றிலும் வரும். அவற்றில் எது நன்றாக அமைகிறதோ அது மாதாவின் காலடியில் வைக்கப்படும். நான் ஒரு தாமரை செய்யத் தீர்மானித்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வேன். நுனியில் ரோஸ் நிறம் நிற்கவேண்டும், அடிக்குப் போகப் போக வெளுக்கவேண்டும் என்று செதில்களைப் பாதி மட்டும் சாயத்தில் தோய்த்துத் தோய்த்து எடுத்தேன். கம்பி குத்தி விரலெல்லாம் பொத்தல். எனக்கு எல்லா வேலைக்கும் "பீச்சாங்கை"தான், அதாவது இடதுகை. அதனால் என் கம்பி மற்றவர்கள் சுற்றுவதற்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு போகும். பூ முடிந்த அன்று அதையே பார்த்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். அது என்னுடையது என்று தெரிந்தால் அம்மா ஏறெடுத்தும் பார்க்கமாட்டாள் என்ற நினைப்பு வந்ததும் அழுகை வந்துவிட்டது.

அப்போதுதான் எனக்குப் பிலோவின் ஞாபகம் வந்தது. பிலோமினா பள்ளியிலும் சனிக்கிழமை வகுப்பிலும் என் தோழி. அவளைப் பெற்ற கையோடு அவள் அம்மா கண்ணை மூடிவிட்டாள். அப்பா விசைப்படகில் கடலுக்குப் போகிறவர், காசிமேட்டில் மீன் விற்கும் அத்தை வீட்டில் வளர்ந்தாள். எங்களுக்குப் பாதிச் செதில் அவள் கொண்டுவருவதுதான். தாமரையை அவள் கையில் வைத்து, உன்னுடையது என்று சொல்லிவிடு என்றேன்.

"இன்னாத்துக்கு? நீதான செஞ்ச?"

"என்துன்னா எங்கம்மா பாக்காது பிலோ."

அவள் தாமரையைப் பத்திரமாகப் பொத்திக்கொண்டு போனாள்.

சனிக்கிழமை அம்மா அந்தத் தாமரையைக் கையில் எடுத்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். காம்பை இரண்டு விரல்களால் மெதுவாக உருட்டினாள். கம்பிச் சுற்றை நகத்தால் தடவிப் பார்த்தாள். பிறகு, "இத செஞ்ச கைக்கு முத்தம் குடுக்கணும்" என்றாள். பிலோவின் முன்னால் மண்டிபோட்டு உட்கார்ந்து, அவள் கையை எடுத்து முத்தமிட்டு, அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். நான் தரையில் கிடந்த கம்பித் துண்டுகளைப் பொறுக்குகிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டேன். கேட்க ஆசைப்பட்டதைக் கேட்டாயிற்று. ஆனால் அது என் தலைக்கு மேலே போய், அடுத்த பாயில் உட்கார்ந்திருந்தவள் மடியில் விழுந்துவிட்டது.

அன்று சாயங்காலம் தலைவாரிவிடும்போது அம்மா கண்ணாடியில் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், நான் ஏதோ சொல்வேன் என்று எதிர்பார்ப்பவள்போல. நான் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டேன். தாமரை மாதாவின் காலடியில் தேரில் போயிற்று. பிலோ அதன்பிறகு வகுப்புக்கு வரவில்லை. பள்ளியிலும் என்னைக் கண்டால் வேறு பெஞ்சுக்குப் போய்விடுவாள். என் பூவை வாங்கிக்கொண்டு என்னிடமே கர்வம் காட்டுகிறாளே என்று மனம் வெந்தது. இருந்த ஒரே தோழியும் போனாள். அந்த வருஷம் முழுக்க, பத்துப் பிள்ளைகள் கூச்சல் போடும் முன்னறையில் நான் தனியாகத்தான் இருந்தேன்.

காலம் போயிற்று. பிலோ கல்யாணமாகிக் காத்திவாக்கத்துக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். அம்மாவின் கண் மங்கி, ஊசியில் நூல் கோக்க முடியாமல் போகும்வரை சனிக்கிழமை வகுப்பு நடந்தது. நானும் கடைசியில் திருவொற்றியூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கைவேலை டீச்சராகத்தான் ஆனேன். எந்தப் பிள்ளை எதைக் கொண்டுவந்து நீட்டினாலும் முதலில் என் வாயில் "நல்லா இருக்கு" வந்துவிடும். அம்மா ஒருநாளும் அதை என்னிடம் சொல்லாமலே போய்ச்சேர்ந்தாள்.

ஏழாம் நாள் பூசை முடிந்து எல்லாரும் கலைந்தபின் ஒருத்தி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். முழுக்க நரைத்துவிட்டிருந்தது, புடவையில் மீன் வாசம். பேசத் தொடங்கிய பிறகுதான் பிலோ என்று தெரிந்தது.

"அன்னிக்கு உங்கம்மா என்னைக் கட்டிப்புடிச்சுகினு காதுல ஒண்ணு சொல்ச்சு ரீட்டா. ‘கம்பி சுத்தினதப் பாத்தாலே தெரியுது, இது அவ கை. இந்த முத்தத்த எடுத்துகினு போய் அவகிட்ட குடுத்துடு, நான் குடுக்கக் கூடாது’ன்னு சொல்ச்சு."

ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டேன்.

"எனக்கு யாரும் குடுத்ததில்லயே. வச்சிகினேன். அப்பால உன் மூஞ்சில முழிக்க முடில."

பிறகு என் இடதுகையைத் தேடி எடுத்துத் தன் உதட்டில் வைத்துக்கொண்டாள்.

எங்கள் முன்னறை இருந்த இடத்தில் இப்போது ஒரு பார்சல் கம்பெனியின் கிடங்கு இருக்கிறது. தேருக்குப் பிளாஸ்டிக் பூ வந்துவிட்டது. கொடுவாச் செதிலைக் காசிமேட்டில் வாரி சாக்கடையில் தள்ளுகிறார்கள். அதெல்லாம் போகட்டும். முத்தம் என்னிடம் அன்றைக்கே வந்து சேர்ந்துவிட்டது என்று நம்பிக்கொண்டுதான் அம்மா கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்திருக்கிறாள். இப்போதுதான் வந்தது என்று அவளிடம் சொல்ல வேண்டும்.