பாடையில் ஒரு சிரிப்பு

சீரியலில் கெட்டவனாக நடிக்கிறவனுக்கு ஷூட்டிங் முடிந்தாலும் வேஷம் கலையாது. என்னைப் போல ஊருக்கு முகத்தைக் காட்டி மாட்டிக்கொண்ட சகோதரர்களே, உங்களுக்குத்தான் இதெல்லாம் புரியும். ஆறு வருஷமாக நான் மருமகளைப் பட்டினி போடும் மாமனார்.

கத்தரிக்காய்

ஷூட்டிங் இல்லாத ஒரு நாள் ராஜபாளையம் மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். கடைக்கார அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கூடையை இழுத்து வைத்துக்கொண்டார். எனக்கு மருமகளே கிடையாது, ஒரே மகள்தான் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லிப் பார்த்தேன். அவர் மசியவில்லை. “மொதல்ல அந்தப் புள்ளைக்குச் சோறு போடுங்க. பொறவு உங்களுக்குக் காய் தாரேன்.”

கை நனைப்பது

அன்றைக்குச் சிரித்துவிட்டு வந்தேன். என் மகள் உமாவுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் வரன் வந்தபோது சிரிப்பு வரவில்லை. ஜாதகம் பொருந்தியது, பையனுக்குப் பிடித்தது, உமாவுக்கு ரொம்பவே பிடித்தது. பையனின் அம்மாதான் எங்கள் சீரியலை ஒரு நாள் விடாமல் பார்க்கிறவராம். உமா மூன்று நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பெண் வீட்டில் சாப்பிட்டுக் கை நனைத்தால்தான் எங்கள் பக்கம் சம்பந்தம் உறுதி. தரகர் போனில் இழுத்தார்: “‘அவிய வீட்டுல எப்படிக் கை நனைக்க’ன்னு அந்தம்மா கேக்காவ அண்ணாச்சி.”

பாடை

ஒரு வாரத்துக்காவது என்னை நல்லவனாக்குங்கள் என்று டைரக்டரிடம் கெஞ்சினேன். அவர் நன்றாக யோசித்து என்னைக் கொன்றே விட்டார். சம்பந்தமும் போச்சு, வேலையும் போச்சு என்று பாடையில் படுத்தேன்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பிணமாக நடித்தவன் ஷாட் முடிந்ததும் எழுந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆகாது. கழுத்து மாலையும் நெற்றிக் காசுமாக எழுந்து உட்கார்ந்தேன். எங்கே சிரிப்பு வரும்? மூக்குப் பஞ்சை எடுத்தபடியே மேக்கப்மேன் சொன்னார்: “சிரிங்கண்ணே, உங்களுக்குச் சிரிக்கவே வராதுன்னு டைரக்டர் பந்தயம் கட்டிட்டாரு.”

ஸ்டேட்டஸ்

அதைக் கேட்டதும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துவிட்டேன். யாரோ அதைப் போனில் பிடித்து அனுப்ப, உமா ஸ்டேட்டஸில் வைத்தாள். பையன் அதைத் தன் அம்மாவிடம் காட்டியிருக்கிறான். மறுவாரமே அந்தம்மா பூவும் பழமுமாக எங்கள் வாசலில் வந்து நின்றார். இலை போட்டோம், உட்கார்ந்தார், கை நனைத்தார். பரிமாறிக்கொண்டிருந்த உமாவின் முகத்தைப் பார்த்து எனக்கு நிஜமாகவே கண் கலங்கிவிட்டது. ரசத்துக்குச் சோற்றைக் குழித்துக்கொண்டே அந்தம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். “இந்தச் சிரிப்ப இம்புட்டு நாளா எங்க ஒளிச்சு வச்சிருந்தீய, சம்பந்தி?”

உயிரோடு நடித்துச் சம்பாதிக்க முடியாத நல்ல பேரை, நண்பர்களே, ஒரே ஒரு நாள் செத்துச் சம்பாதித்தேன்.