போன சித்திரையில் போட்ட உப்பு

சென்ற ஐப்பசியில், காரைக்குடியில் எல்லோரும் மழைத் தண்ணீர் எந்தத் தெருவில் தேங்குகிறது என்று விசாரித்துக்கொண்டிருந்தபோது, எனக்கு அது வலது நுரையீரலைச் சுற்றித் தேங்கிவிட்டது.

என்னுடையது குடித்துக் கெட்ட கல்லீரல் இல்லை, தின்று கெட்டது. சர்க்கரையும் கொழுப்பும் சேர்ந்து அதைச் சுருக்கிவிட்டன. உறவினர்கள் இதை நம்பவில்லை. "விடுங்க, இந்தக் காலத்துல யாருதான் குடிக்கல?" என்று பெருந்தன்மையோடு மன்னித்துவிட்டார்கள்.

நான்கு பேர் கூடிய இடத்தில் கதை சொல்லிச் சிரிக்க வைக்காமல் நான் எழுந்ததில்லை. அந்த மழைக்காலத்தில் கதையின் உச்சத்துக்கு வரும்போதெல்லாம் மூச்சு தீர்ந்துவிடும். நான் கையை உயர்த்தி இளைத்துக்கொண்டிருக்க, மிச்சத்தை என் மனைவி சொல்லி முடிப்பாள். அவள் சொன்னபோது அதிகமாகச் சிரித்தார்கள் என்பது தனி வேதனை. மல்லாந்து படுக்கவும் முடியாது. நாற்காலியில் சாய்ந்தபடிதான் தூக்கம்.

டாக்டரம்மா முதுகில் ஊசி போட்டு நீரை எடுத்தார். தலையணையைக் கட்டிக்கொண்டு குனிந்திருந்தேன். பாட்டிலில் இறங்கியது பார்வைக்கு எலுமிச்சை சர்பத் மாதிரி இருந்தது. கல்லீரல் கெட்டால் வயிற்றில் சேரும் நீர், நடுவில் உள்ள தசையின் நுண்ணிய ஓட்டைகள் வழியே நெஞ்சுக்கு ஏறிவிடுமாம். மாடியிலிருந்து கீழே ஒழுகும் வீடுகளை இந்த ஊரில் நிறையப் பார்த்திருக்கிறேன். கீழிருந்து மேலே ஒழுகும் வீடு நான்தான்.

"நிரந்தரமா ஒரு குழாயைச் சொருகி வச்சிருங்களேன்" என்றேன்.

"உடம்புச் சத்தெல்லாம் வடிஞ்சிரும், கிருமியும் உள்ள போயிரும். மாத்திரை நீரைப் பிரிக்கும். ஆனா நீங்க உப்பை நிறுத்தணும்."

வீட்டுக்கு வந்ததும் மனைவி உப்பு ஜாடியை ஒளித்து வைத்துவிட்டாள். குழம்பில் உப்பில்லை, ரசத்தில் உப்பில்லை, வாழ்க்கையிலும் இல்லை. அப்படியும் சில நாட்களில் நெஞ்சு மறுபடி நிறைந்துவிட்டது.

டாக்டரம்மா மறுபடி ஊசி போட்டு எடுத்தார். "திரும்பத் திரும்ப இப்படியே நிறைஞ்சா, மதுரைக்கு அனுப்பி அடுத்த கட்ட வைத்தியம்தான் பாக்கணும். உப்பு சேக்குறீங்களா?"

"பிள்ளையார்பட்டிப் பிள்ளையார் சத்தியமா ஒரு கல்லு உப்புப் போடல" என்றாள் மனைவி. பொய் சொல்லவில்லை. டாக்டரம்மா குழம்பியதே அதனால்தான்.

கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகச் சொன்னார்கள். வெளி வராந்தாவில் மனைவி டிபன் கேரியரைத் திறந்தாள். பக்கத்தில் என் வயதுக்காரர் ஒருவர், தேவகோட்டையில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் பாய். அவருக்கும் இதே கல்லீரல், இதே நீர், ஊசிக்காகக் காத்திருந்தார். பக்கத்தில் இருப்பவருக்கு நீட்டாமல் எங்கள் வீட்டில் யாரும் வாயில் வைத்ததில்லை. மனைவி பொரித்த மோர்மிளகாயையும் சுண்டைக்காய் வற்றலையும் அவரிடம் நீட்டினாள்.

"எடுத்துக்கங்க அண்ணே, வீட்டுல போட்டது."

அவர் தேளைப் பார்த்ததுபோல் கையை இழுத்துக்கொண்டார். "ஆச்சி! இத இவுகளுமா சாப்பிடுறாக?"

"பின்ன? உப்பில்லாத சோறு எப்புடி எறங்கும்? தொட்டுக்கத்தான்."

"உப்புல ஊறப்போட்டுக் காயவச்சதுதானே ஆச்சி!"

மனைவி நிதானமாக விளக்கினாள்: "அது போன சித்திரைல போட்ட உப்பு, அண்ணே. டாக்டரம்மா நிறுத்தச் சொன்னது இந்த ஐப்பசிலதானே?"

வீட்டில் அலமாரி அலமாரியாகப் புத்தகம் வைத்திருப்பவன் நான். எனக்கும் அந்த வாதத்தில் ஒரு குறையும் தெரியவில்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

பாய் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு இருமலாகி, இளைப்பாகி, நர்ஸ் ஓடி வந்தார். "சிரிக்க வைக்காதீக ஆச்சி, எனக்கு இன்னும் ஊசி போடல!" என்றவர், மூச்சு திரும்பியதும் சொன்னார்: "நானும் இந்த லட்சணந்தான். உப்பில்லாத சோத்துக்குக் கருவாட்ட வச்சுத் தின்னுட்டு, அல்லா சத்தியமா உப்பே சேக்கலன்னு இதே டாக்டரம்மாட்ட சொன்னவன்தான். போன வாரந்தான் அத விட்டேன்."

பிறகு தன் டப்பாவைத் திறந்து பாதியை என் தட்டில் தள்ளினார். மிளகும் சீரகமும் வறுத்துப் பொடித்துத் தூவி, எலுமிச்சை பிழிந்த சோறு. உப்பே கிடையாது. ஆனாலும் சோறாக இருந்தது. மனைவி ஒரு வாய் தின்று பார்த்து, அங்கேயே பக்குவம் கேட்டுக்கொண்டாள்.

அன்று சாயங்காலமே வற்றல் ஜாடிகளெல்லாம் அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் போயின. பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்புகிற முகத்தோடு அவள் வாசலில் நின்றாள். அப்புறம் மாத்திரை வேலை செய்யத் தொடங்கியது. இதுவரை ஊசி தேவைப்படவில்லை. கல்லீரல் ஒன்றும் திருந்திவிடவில்லை. கல்லீரல் மாற்று அறுவைச் சிகிச்சை பற்றிப் பேச நானும் பாயும் ஒரே பஸ்ஸில் மதுரைக்குப் போய்வருகிறோம். காலையில் அவரிடமிருந்து போன் வரும். வணக்கம் கிடையாது, "அண்ணே, எடை ஏறிருக்கா?" என்பதுதான் முதல் கேள்வி. நீர் சேர்ந்தால் முதலில் எடைதான் காட்டிக்கொடுக்கும்.

இந்தக் கதையை இப்போது போகிற கல்யாண வீட்டிலெல்லாம் சொல்கிறேன். "போன சித்திரை" வருகிற இடத்தில் மட்டும் நிறுத்தி, மனைவியைப் பார்ப்பேன். அந்த வரி அவளுடையது. மூச்சு போதாமல் நிறுத்துவதற்கும், நெஞ்சு நிறைய மூச்சை வைத்துக்கொண்டு அவளுக்காக நிறுத்துவதற்கும் உள்ள தூரத்தை, பக்கத்து நாற்காலிக்காரருக்கு நீட்டிய ஒரு மோர்மிளகாயால் நான் கடந்து வந்திருக்கிறேன்.